கருப்புப் பூஞ்சை கருப்பாக இருப்பதில்லை

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை. ஆக்சிஜன் படுக்கைக்கு எல்லாரும் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் திடீரென்று எங்கு திரும்பினாலும் 'கருப்புப் பூஞ்சை' என்ற பேச்சு. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் படிந்திருக்கிற கருப்பு, வெங்காயத் தோலைத் தடவினால் விரலில் ஒட்டுகிற கரும்பொடி, இரண்டையும் படம் பிடித்து "இதுதான் அது, உடனே தூக்கிப் போடுங்கள்" என்று வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். எங்கள் உறவில் ஒருவர் ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, அதன்பிறகு எனக்குப் போன் செய்து சரிதானே என்று கேட்டார். வெங்காயத்தில் இருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற வேறொரு பூஞ்சை. அந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த நோய் மியூக்கோர்மைக்கோசிஸ். அதை உண்டாக்குகிற மியூக்கோர் வகைப் பூஞ்சைகளை ஆய்வகத்தில் வளர்த்தால் முதல் நாள் வெள்ளைப் பஞ்சு மாதிரி தலைகாட்டும், இரண்டு மூன்று நாளில் பிளேட்டை நிரப்பி மூடியைத் தொட்டுவிடும், அப்புறம் மிளகுத்தூள் தூவியதுபோல் சாம்பல் நிறப் புள்ளிகள் வரும். சரி, கருப்பு எங்கிருந்து வந்தது? நோயாளியின் உடம்பிலிருந்து. பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட, ரத்தம் போய்ச் சேராத மூக்கும் அண்ணமும் செத்துக் கருத்துப் போகின்றன. கருத்தது நம் சதை. நிஜமாகவே கருப்பாக இருக்கிற பூஞ்சைகள் என்று பூஞ்சையியலில் வேறொரு கூட்டம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பேரில் என்ன இருக்கிறது, எல்லாம் பூசணம்தானே என்று கேட்கலாம். ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குப் பூஞ்சையின் பேர் என்றால் பாதி மருந்தின் பேர். ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கிற மருந்து வோரிகோனசோல். அதே வோரிகோனசோலை மியூக்கோர் வகைக்குக் கொடுத்தால் வேலை செய்யாது, அதற்கு ஆம்ஃபோடெரிசின் பி வேண்டும். அந்த ஆம்ஃபோடெரிசினை ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்ற இனத்துக்குக் கொடுத்தால் அது அசையாது. ஆஸ்பெர்ஜில்லஸ், மியூக்கோர் வகை இரண்டுமே கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளியின் சைனஸில் வரும், இரண்டுக்கும் ஸ்கேன் படம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு மியூக்கோர்மைக்கோசிஸ் வந்து, சரியான மருந்து தொடங்க ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானால் பன்னிரண்டு வாரத்துக்குள் இறப்பவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறார்கள் என்று கண்டார்கள். ஆகவே 'ஃபங்கஸ் வளர்ந்துள்ளது' என்று ஒரு வரி ரிப்போர்ட் அனுப்பினால் டாக்டருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

பேர் கண்டுபிடிக்கிற வேலை மைக்ராஸ்கோப்பில் தொடங்குவதில்லை, பாட்டிலில் தொடங்குகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அறுவை அரங்கத்திலிருந்து ஒரு துண்டுத் திசு வரும், திறந்தால் ஃபார்மலின் நெடி மூக்கைத் துளைக்கும். ஃபார்மலினில் போட்ட திசுவில் பூஞ்சை செத்துவிடும், திசுநோயியல் துறைக்கு அது சரி, கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்க, அது பிணம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே வாரத்தில் இப்படி மூன்று வந்தன. மூன்றும் கண்ணுக்குப் பின்னாலிருந்து எடுத்தவை, மறுபடி எடுக்க முடியாதவை. சாதாரண சலைனில் கொஞ்சம் நனைத்து கிருமி நீக்கிய மலட்டுப் பாட்டிலில் அனுப்பினால் போதும், அவ்வளவுதான் விஷயம். பஞ்சுக்குச்சியில் தடவி அனுப்புவது அதற்கு அடுத்த கொடுமை. பூஞ்சை திசுவுக்குள் ஊடுருவி உட்கார்ந்திருக்கும்போது மேலே தடவினால் என்ன வரும்? சளிதான் வரும்.

திசு ஒழுங்காக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரு தவறு செய்வார்கள். பாக்டீரியா கல்ச்சருக்குச் செய்வதுபோல் திசுவை நன்றாக அரைத்துவிடுவார்கள். மியூக்கோர் வகையின் இழைகளில் குறுக்குச் சுவர் கிட்டத்தட்ட கிடையாது, நீளமான ஒரே குழாய். அரைத்தால் குழாய் உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகி மொத்தமும் செத்துப்போகும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை தெரிந்தது, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று குழம்பிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெங்காயம் அரிவதுபோல் கத்தியால் பொடியாக நறுக்க வேண்டும், அரைக்கக் கூடாது.

நறுக்கிய துண்டில் ஒன்றை ஸ்லைடில் வைத்து அதன்மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பத்து முதல் இருபது சதவீதக் கரைசல், நகம் மாதிரி கெட்டியான பொருளுக்கு இன்னும் அதிகம். ஆய்வகத்தில் எல்லாரும் 'கேஓஎச்' என்றுதான் சொல்வார்கள். அது மனிதச் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையின் சுவரில் கைட்டின் என்ற கெட்டியான பொருள் இருப்பதால் அது மட்டும் நிற்கும். மொத்தமாக அரைமணி நேர வேலை, செலவு சில ரூபாய். ஃப்ளோரசென்ஸ் மைக்ராஸ்கோப் இருந்தால் கால்கோஃப்ளூர் வெள்ளையும் ஒரு சொட்டு விடுவோம், அது கைட்டினில் ஒட்டிக்கொண்டு இருட்டில் நீலவெள்ளையாக ஒளிரும். துணிக்கு வெண்மை ஏற்றுவதற்காக வந்த சாயம் அது, சோப்புத்தூள்காரர்கள் பயன்படுத்துகிற அதே குடும்பம்.

என்னைக் கேட்டால் பூஞ்சை ஆய்வகத்தில் நடக்கிற எல்லா வேலையிலும் இந்த அரைமணி நேரம்தான் பெரிசு. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இழையில் குறுக்குச் சுவர் இருக்கிறதா இல்லையா? ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரியான பூஞ்சைகளின் இழை மூன்று முதல் ஆறு மைக்ரான் அகலம், சிவப்பணுவைவிட மெலிசு, இரண்டு ஓரமும் இணைகோடு போல ஒழுங்காகப் போகும், மூங்கில் கணு மாதிரி குறுக்குச் சுவர்கள் தெரியும், கவட்டைக் கம்பு போலக் குறுகின கோணத்தில் கிளை பிரியும். மியூக்கோர் வகை அகலமானது, பத்து பதினைந்து மைக்ரான் சர்வசாதாரணம், ஓரங்கள் ஒழுங்கில்லாமல், முறுக்கிப்போட்ட ரிப்பன் மாதிரி மடங்கிக் கிடக்கும், கிளை ஏறக்குறைய செங்கோணத்தில் பிரியும். இதைப் பார்த்தவுடன் போனை எடுத்து டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், கல்ச்சர் வளரட்டும் என்று காத்திருந்தால் கண் போய்விடும். 2021இல் ஜூலைக்குள் மட்டும் நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேல் நோயாளிகள் என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் கல்ச்சர் போட்டு இனம் கண்டுபிடித்தா சிகிச்சை தொடங்கினார்கள்? பெரும்பாலும் இந்த கேஓஎச் ஸ்லைடை நம்பித்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதில் நானே மாட்டியிருக்கிறேன். மெல்லிய இழை, குறுக்குச் சுவர், கவட்டைக் கிளை எல்லாம் பார்த்தவுடன் 'ஆஸ்பெர்ஜில்லஸ்' என்று எழுதிவிடக் கூடாது. ஃபியூசேரியம், செடோஸ்போரியம் இரண்டும் திசுவுக்குள் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். செடோஸ்போரியத்துக்கு ஆம்ஃபோடெரிசின் சரியாகக் கேட்காது. ஆகவே ரிப்போர்ட்டில் 'குறுக்குச் சுவருள்ள நிறமற்ற இழைகள்' என்று கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும், பேர் வைப்பது கல்ச்சரின் வேலை.

கல்ச்சருக்கு நாங்கள் பயன்படுத்துவது சாபுரோ டெக்ஸ்ட்ரோஸ் அகார், சுருக்கமாக எஸ்டிஏ, பூஞ்சை வளர்கிற ஜெல்லி. ரேமோன் சாபுரோ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் படர்தாமரைப் பூஞ்சைகளை வளர்க்கப் போட்ட கூட்டு, நூறு வருஷம் தாண்டியும் ஆய்வகங்களில் அதுதான் ஓடுகிறது. சர்க்கரையும் பெப்டோன் என்ற புரதச்சத்தும், கொஞ்சம் புளிப்பு. பாக்டீரியா வராமல் இருக்கக் குளோராம்ஃபெனிகால் சேர்ப்போம். சிலர் பழக்கதோஷத்தில் சைக்ளோஹெக்சிமைடும் சேர்த்துவிடுவார்கள், படர்தாமரைக்கு அது நல்லது, காற்றில் பறக்கிற வேண்டாத பூஞ்சைகளை அமுக்கிவிடும். ஆனால் மியூக்கோர் வகையையும் சில ஆஸ்பெர்ஜில்லஸ்களையும் சேர்த்தே அமுக்கிவிடும், அதனால் சைனஸ் திசுவுக்கு அது இல்லாத பிளேட் கட்டாயம் வேண்டும். ஒன்று 25 டிகிரியில், இன்னொன்று 37 டிகிரியில் வைத்து நாலு வாரம் வரை பொறுத்துப் பார்ப்போம், மியூக்கோராக இருந்தால் அத்தனை பொறுமை தேவையில்லை, மறுநாளே எட்டிப் பார்க்கும்.

வளர்ந்ததும் பிளேட்டை முதலில் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும், மேலே என்ன நிறம், திருப்பினால் அடியில் என்ன நிறம், பஞ்சா, பொடியா, வெல்வெட்டா, எத்தனை நாளில் வந்தது. இதிலேயே பாதித் துப்பு கிடைத்துவிடும். அப்புறம் ஒட்டுநாடாவை ஒரு துண்டு வெட்டி, பிளேட்டின்மேல் லேசாக ஒற்றி எடுத்து, லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தின்மேல் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் வாங்குகிற அதே நாடாதான். ஊசியால் கிளறினால் வித்துகள் தாங்குகிற காம்பெல்லாம் சிதறிவிடும், நாடாவில் ஒற்றினால் செடியைப் பிடுங்காமல் பூவோடு படமெடுத்த மாதிரி அப்படியே வரும்.

ஆஸ்பெர்ஜில்லஸை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீளமான காம்பு, அதன் நுனியில் ஓர் உருண்டை, உருண்டையைச் சுற்றிக் குப்பி குப்பியாகச் செல்கள், ஒவ்வொரு குப்பியின் வாயிலிருந்தும் சங்கிலியாக வித்துகள். 1729இல் இதற்குப் பேர் வைத்த மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியாருக்குத் தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கிற கருவி ஞாபகம் வந்திருக்கிறது. எனக்குக் கடம்பப் பூதான் ஞாபகம் வரும். குடும்பத்துக்குள் ஆள் அடையாளம் காண்பது நிறத்திலும் தலையின் அமைப்பிலும்தான். ஃபூமிகேடஸ் புகைபோன்ற நீலப்பச்சை, குப்பிகள் ஒரே வரிசை, அதுவும் உருண்டையின் மேல்பாதியில் மட்டும், வித்துச் சங்கிலிகள் எல்லாம் மேல்நோக்கித் தூண் மாதிரி நிற்கும். ஃப்ளேவஸ் மஞ்சள்பச்சை, காம்பில் சொரசொரப்பு, நிலக்கடலையில் வருகிற அஃப்ளாடாக்சின் விஷம் இதன் கைங்கரியம்தான், நம் நாட்டில் சைனஸையும் கண்ணையும் அதிகம் பிடிக்கிற ஆஸ்பெர்ஜில்லஸும் இதுவே. நைஜர் கரிப்பொடி. டெர்ரியஸ் இலவங்கப்பட்டை நிறம், ஆம்ஃபோடெரிசினுக்கு அசையாது என்று முன்பே சொன்னேனே, அது. இந்தப் பட்டை நிறம் பிளேட்டில் தெரிந்த அன்றே வார்டுக்குச் சொல்லிவிடுவோம், முழு ரிப்போர்ட் பின்னால் போகட்டும்.

சில சமயம் ஃபூமிகேடஸ் மாதிரி இருக்கும், ஆனால் வெள்ளையாகவே கிடந்து சோம்பேறித்தனமாக வித்து விடும். அதை 50 டிகிரியில் வைத்துப் பார்க்க வேண்டும். நிஜ ஃபூமிகேடஸ் எருக்குழியின் சூட்டில் வாழ்கிற ஜென்மம், அந்தச் சூட்டிலும் வளரும். வளராவிட்டால் லென்டுலஸ் போன்ற ஒளிந்திருக்கிற உறவுக்காரனாக இருக்கலாம், அவற்றுக்கு வோரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகள் சரியாகக் கேட்பதில்லை. செலவில்லாத சோதனை, இன்குபேட்டர் ஒன்று இருந்தால் போதும், ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

மியூக்கோர் வகைக்கு வருவோம். இதில் வித்துகள் ஒரு பைக்குள் அடைபட்டிருக்கும், பை உடைந்தால்தான் வெளியே வரும். அடையாளம் காண வேரிழை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காம்பு கிளம்புகிற இடத்துக்கு நேர் கீழே வேர்க்கொத்து இருந்தால் ரைசோபஸ், நம் நாட்டில் பெரும்பாலும் இதுதான், குறிப்பாக ரைசோபஸ் அர்ரைசஸ். வேர் ஓரிடம், காம்பு இரண்டு வேர்களுக்கு நடுவில் இன்னோரிடம் என்றால் லிக்தைமியா. வேரே இல்லையென்றால் மியூக்கோர். பேரைக் கொடுத்ததென்னவோ மியூக்கோர், வியாதியைக் கொடுப்பது அதிகம் ரைசோபஸ். முதிர்ந்த ரைசோபஸின் பை உடைந்து வித்தெல்லாம் போனபின் மிச்சமிருக்கிற தலை, காற்றில் மடங்கின குடை மாதிரி தொங்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் ஒரு பிடிவாதக்காரன் உண்டு, அபோஃபைசோமைசஸ். 1970களின் கடைசியில் வட இந்தியாவில் ஒரு மாந்தோப்பு மண்ணிலிருந்துதான் இதை முதலில் எடுத்து விவரித்தார்கள். விபத்துக் காயத்தில் மண் ஏறி வருகிற தொற்று, சர்க்கரை நோய் எதுவும் இல்லாத திடகாத்திரமான ஆளையும் விடாது. 2011 மே மாதம் அமெரிக்காவில் ஜாப்ளின் என்ற ஊரைச் சூறாவளி புரட்டிப்போட்டபோது, அடிபட்டவர்களில் 13 பேருக்கு இந்தப் பூஞ்சை காயத்தில் ஏறி, ஐந்து பேர் இறந்தார்கள். எஸ்டிஏவில் இது ஜோராக வளரும், ஆனால் வித்தே விடாது, வெறும் வெள்ளைப் பஞ்சாக நாள்கணக்கில் கிடக்கும். வித்தில்லாமல் பேர் சொல்ல முடியாது. என்ன செய்ய வேண்டுமென்றால், வளர்ந்த அகாரில் ஒரு சிறு துண்டை வெட்டி, மலட்டு நீரில் துளி யீஸ்ட் சாறு கலந்து அதில் போட்டு, 37 டிகிரியில் ஒரு வாரம் பத்து நாள் பட்டினி போட வேண்டும். நல்ல சாப்பாடு கிடைக்கிற வரைக்கும் சும்மா இருப்பது, பசி வந்ததும் வம்சம் காக்க வித்து விடும். பைக்குக் கீழே புனல் வைத்த மாதிரி ஓர் உருவம் தெரியும், அதுதான் கையெழுத்து.

தமிழ்நாட்டில் கண் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறவரிடம் போய் மியூக்கோர் கதை பேசினால் சிரிப்பார், அவருக்குத் தினப்படி ஃபியூசேரியம்தான். வயலில் நெல்லோ கரும்போ சோளமோ இலை ஓரம் கண்ணில் கீறிவிடும், மாட்டின் வால் அடித்துவிடும், இரண்டு நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புண். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து 1990களில் வந்த ஆய்வில், கருவிழிப் புண்ணுக்குக் காரணமான கிருமிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. குளிர் நாடுகளில் இப்படி இருக்காது. கருவிழியைச் சுரண்டி எடுப்பது கடுகளவு கூட இருக்காது, அதை வைத்து கேஓஎச்சும் பார்க்க வேண்டும், பாக்டீரியாவைப் பார்க்கிற கிராம் சாயமும் போட வேண்டும், பிளேட்டில் ஆங்கில சி (C) எழுத்து எழுத்தாகக் கீறிக் கல்ச்சரும் போட வேண்டும். அந்த சி கோட்டின்மேல் வளர்ந்தால் நோயாளியின் பூஞ்சை, கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றில் வந்த விருந்தாளி.

ஃபியூசேரியத்தின் வித்து வாழைப்பழச் சீப்பிலிருந்து பிய்த்த பழம் மாதிரி, வளைந்து, உள்ளே நாலைந்து தடுப்போடு இருக்கும். ஆனால் இளசான கல்ச்சரில் அந்தப் பழம் வந்திருக்காது, சின்னச் சின்ன முட்டை வித்துகள் மட்டும் இருக்கும், அவசரப்பட்டு 'அக்ரிமோனியம்' என்று எழுதிவிட்டு நாலு நாள் கழித்துப் பழம் தொங்குவதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் நிறைய. இங்கேயும் பேர்தான் மருந்தை முடிவு செய்கிறது: அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் பழைய நாட்டாமைசின் சொட்டுமருந்து, விலை கூடின வோரிகோனசோலைவிட நன்றாக வேலை செய்தது, அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஃபியூசேரியம் புண்களில்தான். இன்னொன்று, ரத்தப் புற்றுநோயாளியின் ரத்தக் கல்ச்சரில் இழைப்பூஞ்சை வளர்ந்தால் முதல் சந்தேகம் ஃபியூசேரியத்தின் மேல்தான் விழ வேண்டும். அது ரத்தத்துக்குள்ளேயே வித்து விடுகிற வகை. ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலைத் தின்றாலும் ரத்தக் கல்ச்சரில் அநேகமாக வராது.

அப்புறம் நிஜமான கருப்புப் பூஞ்சைகள். இவற்றின் செல்சுவரிலேயே மெலனின் இருக்கிறது, நம் தலைமுடியில் இருக்கிற நிறமியின் உறவு. பிளேட்டைத் திருப்பினால் அடிப்பக்கம் மை கொட்டின மாதிரி இருக்கும், மேலே மட்டும் கருப்பாக இருக்கிற நைஜரையும் இவற்றையும் பிரித்துக் காட்டுவது அதுதான். கர்வுலேரியாவின் வித்து நடுவில் ஒரு செல் வீங்கி வளைந்து, முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கும், கண்ணிலும் சைனஸிலும் வரும். கிளாடோஃபையலோஃபோரா பேன்டியானா மூளையைத் தேடிப் போகிறது, சீழ்க்கட்டியாக உட்காருகிறது, நம் நாட்டிலிருந்து இதைப் பற்றி வந்த கட்டுரைகள் ஏராளம். கிளை குறைவான நீள வித்துச் சங்கிலி, 40 டிகிரிக்கு மேலும் வளர்கிற தெம்பு, இரண்டும் இதன் அடையாளம். சாதாரண கிளாடோஸ்போரியத்துக்கு அந்தச் சூடு தாங்காது. எக்சரோஹைலம் என்று இன்னொன்று, புல்லிலும் தானியப் பயிரிலும் இலைப்புள்ளி நோய் கொடுத்துக்கொண்டு சும்மா கிடந்தது. 2012இல் அமெரிக்காவில் முதுகுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசிமருந்துக் குப்பிகளுக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. 750 பேருக்கு மேல் நோய், 60 பேருக்கு மேல் சாவு. மூளைக்காய்ச்சல் நோயாளியின் தண்டுவட நீரில் இழைப்பூஞ்சை வளர்ந்ததை, 'காற்றில் வந்த அழுக்கு' என்று தூக்கிப் போடாமல் டென்னசி மாநிலத்தில் ஒருவர் சுகாதாரத் துறைக்குச் சொன்னதால்தான் அது வெளியே வந்தது.

இந்த வேலையில் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி இதுதான். பிளேட்டில் வளர்ந்தது நோயா, அழுக்கா? பூஞ்சை வித்துகள் எந்தக் காற்றிலும் உண்டு, இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்களும் இப்போது சிலவற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சளியில் ஓர் ஆஸ்பெர்ஜில்லஸ் வந்தால் அதற்கு ஒன்றும் அர்த்தம் இல்லாமல் இருக்கலாம், எலும்பு மஜ்ஜை மாற்றின நோயாளியின் சளியில் அதே ஒன்று வந்தால் ராத்திரியே டாக்டரை எழுப்ப வேண்டும். கேஓஎச்சில் இழை தெரிந்ததா, இரண்டாவது மாதிரியிலும் அதே வந்ததா, மாதிரி எடுத்த இடம் மலடான இடமா, நோயாளியின் எதிர்ப்பு சக்தி எப்படி. இந்த நாலையும் சேர்த்துத்தான் முடிவு. அதில் நாலாவது எங்களிடம் கிடையாது, விண்ணப்பப் படிவத்தில் டாக்டர் எழுதினால்தான் உண்டு, அந்தக் கட்டம் பத்துக்கு ஒன்பது படிவத்தில் காலியாகவே வரும்.

மதுரைக்கு இந்தத் துறையில் ஒரு தனி இடம் இருக்கிறது, பெருமைப்படுகிற விஷயமா என்று தெரியவில்லை. 1840களில் மதுரை மருந்தகத்தில் வேலை செய்த ஆங்கிலேய மருத்துவர்கள், பாதம் வீங்கி, ஓட்டை ஓட்டையாகப் புரையோடி, அதிலிருந்து குருணைகள் கொட்டுகிற வியாதியைப் பார்த்து எழுதினார்கள். 'மதுரைக் கால்' என்று பேர் நிலைத்துவிட்டது. 1860இல் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் இது பூஞ்சையால் வருவது என்று காட்டி மைசெட்டோமா என்று பேர் வைத்தார். செருப்பில்லாமல் நடக்கிறவர் காலில் முள் குத்தி உள்ளே போகிறது. ஆய்வகத்தில் அந்தக் குருணையைக் கழுவி, இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் நசுக்கிப் பார்க்க வேண்டும். கருப்புக் குருணை, அகலமான இழை என்றால் மதுரெல்லா போன்ற பூஞ்சை, மாதக்கணக்கில் மருந்து, பல சமயம் அறுவையும். வெள்ளையோ மஞ்சளோ சிவப்போ, உள்ளே ஒரு மைக்ரான் கூட இல்லாத மெல்லிய நூல்கள் என்றால் அது பூஞ்சையே கிடையாது, பாக்டீரியா. பேரைப் பாருங்கள், ஆக்டினோமதுரா மதுரே. அதற்கு ஆன்டிபயாடிக் போதும், கால் தப்பிக்கும். வெள்ளைக் குருணையில் பூஞ்சையும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, நூலின் அகலத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

படர்தாமரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் கதை தனியாக எழுத வேண்டிய அளவு பெரிசு. டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020இல் புதுப்பேர் வாங்கின ஓர் இனம் நம் நாட்டில் பரவிக் கிடக்கிறது, டெர்பினாஃபைன் மாத்திரை பலருக்குக் கேட்பதில்லை, மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தேய்த்துத் தேய்த்து நோயும் உருமாறிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் இதையும் மென்டாக்ரோஃபைட்ஸ் என்ற பழைய இனத்தையும் பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒரே முகம். இங்கே கண் தோற்கிறது, டிஎன்ஏ வரிசையைப் படித்தால்தான் தெரியும்.

மால்டி-டாஃப் என்ற கருவி வந்தபின் நிறையப் பேர் மைக்ராஸ்கோப்பை மூடிவைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பூஞ்சையின் புரதங்களை லேசரால் எழுப்பிப் பறக்கவிட்டு, எடை வாரியாக ஒரு வரைபடம் எடுத்து, சேமித்து வைத்த வரைபடங்களோடு ஒப்பிடும். ஈஸ்ட்டுக்குப் பிரமாதம், நிமிஷத்தில் பேர் சொல்லும். இழைப்பூஞ்சைக்கு முதலில் அந்தக் கெட்டிச் சுவரை அமிலம் போட்டு உடைத்துப் புரதத்தை வெளியே எடுக்க வேண்டும், அப்புறம் கருவியின் நினைவில் அந்த இனம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அடையாளம் தெரியவில்லை' என்று வரும், அதுகூடப் பரவாயில்லை, கிட்டத்தட்ட இருக்கிற வேறொன்றின் பேரைச் சொன்னால்தான் வம்பு. பச்சையாக வளர்ந்த பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கருவி சொன்ன பேர் பொருந்துகிறதா என்று யோசிக்கிற ஆள் அங்கே இருக்கத்தான் வேண்டும். டிஎன்ஏ வரிசை இன்னும் நம்பகமானது, ஆனால் அதிலும் எந்த மரபணுவைப் படிக்கிறோம் என்பது முக்கியம். பொதுவாகப் படிக்கிற ஐடிஎஸ் பகுதி மியூக்கோர் வகைக்குப் போதும், ஆஸ்பெர்ஜில்லஸின் நெருங்கின உறவுகளைப் பிரிக்க பீட்டா-டியூபுலினோ கால்மோடுலினோ வேண்டும்.

பேர் தெரியாத வெள்ளைப் பஞ்சை ஊசியால் கிளறும்போது கொஞ்சம் பயமும் வேண்டும். டலரோமைசஸ் மார்னெஃபியை என்று ஒரு பூஞ்சை, 1956இல் வியட்நாமில் மூங்கில் எலியிடம் கிடைத்தது, நம் நாட்டில் மணிப்பூரில் எச்ஐவி நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பேர் வைத்த பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து செக்ரெட்டாங், 1959இல் தன் விரலிலேயே ஊசியைக் குத்திக்கொண்டார். மனிதனுக்கு அந்தத் தொற்று வந்ததாகப் பதிவான முதல் ஆள் அவர்தான். 25 டிகிரி பிளேட்டில் அகாருக்குள் சிவப்புச் சாயம் இறங்கினால் எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதைத் திறந்த மேஜையில் தொடக் கூடாது என்று விதி, பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் எல்லாம். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் அப்படியே, முள் வைத்த பெரிய வித்துகளைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்று மூடியைத் திறந்து ரசிக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது சைனஸிலோ கண்ணிலோ திசு எடுத்து அனுப்பி, ரிப்போர்ட்டில் 'ஃபங்கல் எலிமென்ட்ஸ் சீன்' என்று மட்டும் வந்திருந்தால், டாக்டரிடமோ நேராக ஆய்வகத்துக்கே போயோ, இழையில் குறுக்குச் சுவர் இருந்ததா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அன்றைய ஸ்லைடு இன்னும் மேஜைமேல்தான் இருக்கும்.